வளர்கிற பிள்ளை

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தில் எந்தத் தையல்கடையில் போய் நின்றாலும் இது காதில் விழும்: "வளர்ற பிள்ளைண்ணே, நாலு விரக்கடை விட்டுத் தைங்க." தையல்காரர் மறுபேச்சில்லாமல் கால்சட்டையின் கீழ்மடிப்பில் துணியைக் கூடுதலாக உள்ளே விட்டுத் தைக்கிறார். அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது அந்த மடிப்பைப் பிரிக்க வேண்டியிருக்கும். பிரித்த இடத்தில், வெயிலும் சலவையும் படாத துணி புதுநிறத்தோடு ஒரு பட்டையாகத் தெரியும். அந்த ஐந்தாறு மாதத்தில் பிள்ளை வளர்ந்த அளவு அதுதான்.

ஒன்பதாம் வகுப்பில் இரண்டு முறை பிரித்திருப்பார்கள். பதினொன்றில் ஒரு முறை. பிறகு ஒரு ஜூன் மாதம், அம்மா அந்தப் பேச்சையே எடுக்காமல் அளவு கொடுத்துவிட்டு வருகிறாள். வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. முதல் பல் முளைத்தது, முதல் அடி எடுத்து வைத்தது, மகள் வயசுக்கு வந்தது எல்லாம் தேதி கிழமையோடு நினைவிருக்கும் வீடுகளிலும், பிள்ளை வளர்ந்து முடித்த நாள் மட்டும் எந்தக் கணக்கிலும் இருக்காது. வளர்ந்தவனுக்கே அது தெரியாது.

பதினாறு வயதுக்கும் இருபது வயதுக்கும் இடையில் நடக்கும் இந்தக் கடைசி வளர்ச்சி பல நாளாக என் யோசனையில் இருக்கிறது. சின்னப் பிள்ளை வளர்வதைப் பற்றி நம்மிடம் பேச்சுக்குக் குறைவில்லை. படுத்திருக்கும் குழந்தையை யாராவது தாண்டிவிட்டால் வளராமல் போய்விடும் என்று பாட்டி பதறுவாள். தாண்டியவர் திரும்பத் தாண்டிக் காட்டினால்தான் அவளுக்கு மனம் ஆறும். தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்று அப்பாவுக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள். தோளை இன்னும் எட்டாத பதினேழு வயதுக்காரனிடம் என்ன பேசுவது என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. கல்யாண வீட்டில், கோயில் கொடையில், துக்க வீட்டில்கூட அவன் காதில் விழுவது ஒரே கேள்வி: "என்னடா, இன்னும் அப்படியே இருக்கே?" அவன் சிரித்து மழுப்பிவிட்டு நகர்கிறான். அந்தக் கேள்வி அவனோடு வீடு வரைக்கும் போகிறது.

பிள்ளை வளர்வதை ஒழுங்காக அளந்து எழுதி வைத்த முதல் தகப்பன் பிரான்சில் இருந்தார். பிலிபேர் கெனோ த மொன்பெயார் என்பவர் 1759-இல் பிறந்த தன் மகனை அளக்கத் தொடங்கி, 1777 வரை பதினெட்டு ஆண்டுகள் விடாமல் அளந்தார். அவருடைய நண்பரும் பெரிய இயற்கை ஆய்வாளருமான பூஃபோன் அந்த அளவுகளைத் தன் நூலின் துணைத்தொகுதி ஒன்றில் அச்சிட்டார். ஒரே பிள்ளையைப் பிறப்பிலிருந்து வாலிபம் வரை தொடர்ந்த பதிவு உலகத்தில் அதற்கு முன் இல்லை. அந்த எண்களை இன்று வரைபடமாகப் போட்டாலும் மருத்துவப் பாடநூலில் இருக்கும் கோடுதான் வருகிறது. பிறந்த புதிதில் வேகம் அதிகம். பிறகு ஆண்டுக்கு ஆண்டு தணிந்துகொண்டே வருகிறது. பதினான்கு வயதையொட்டித் திடீரென்று மேலேறுகிறது. ஏறிய வேகத்தில் இறங்கிப் பதினெட்டில் தரையைத் தொடப் பார்க்கிறது.

இன்றைய கணக்கும் இதையொட்டியதுதான். பருவத்துக்கு முன்னால் பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்து அல்லது ஆறு சென்டிமீட்டர் வளர்கிறார்கள். பாய்ச்சல் வரும்போது பெண்பிள்ளை பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஆண்டுக்கு எட்டு சென்டிமீட்டர் வரையும், பையன் பதின்மூன்று, பதினான்கில் ஒன்பது, பத்து சென்டிமீட்டர் வரையும் போவதுண்டு. பெண்பிள்ளைகள் பதினைந்து, பதினாறில் ஏறக்குறைய முடித்துவிடுகிறார்கள். பையன்களுக்குப் பதினேழு, பதினெட்டு ஆகும். சிலர் இருபதைத் தாண்டியும் கொஞ்சம் வளர்கிறார்கள்.

வளர்வதிலும் ஒரு வரிசை இருக்கிறது. பாதம் முதலில், பிறகு முழங்காலுக்குக் கீழே, பிறகு தொடை. உடம்பின் நடுப்பகுதி கடைசியில். ஒன்பதாம் வகுப்புப் பையன் வெறும் கையும் காலுமாகத் தெரிவதும், வாங்கி மூன்று மாதமான செருப்பு கடிப்பதும் இதனால்தான். பதினேழு, பதினெட்டில் கால்சட்டை நீளம் அப்படியே நிற்கும். சட்டை மட்டும் இடுப்பைவிட்டு மேலேறும், தோள்பட்டையில் தையல் இழுக்கும். அந்த வயதில் கூடும் கடைசிச் சில சென்டிமீட்டர் பெரும்பாலும் முதுகெலும்பில் கூடுவது. பழகிய தையல்காரருக்கு அளவு நோட்டைப் புரட்டினாலே இது தெரிந்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை எக்ஸ்ரே படத்தில் பார்க்கலாம். பத்து வயதுப் பிள்ளையின் இடது கைப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், ஒவ்வொரு விரல் எலும்பின் ஒரு முனையிலும் சின்னத் துண்டு ஒன்று தனியாக நிற்கிறது. நடுவில் கறுப்பாக ஓர் இடைவெளி. எலும்பு ஒடிந்திருக்கிறதோ என்று பெற்றோர் பயந்துவிடுவதுண்டு. அந்தக் கறுப்புக் கோடுதான் வளர்ச்சித் தட்டு. குருத்தெலும்பு என்பதால் படத்தில் விழுவதில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் அதற்குள் செல்கள் நாணயங்களை அடுக்கி வைத்தது போல வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரு முனையில் இருப்பவை பிரிந்து பெருகுகின்றன; நடுவில் இருப்பவை வீங்கிப் பெரிதாகின்றன; மறுமுனையில் இருப்பவை சுண்ணாம்பேறி மடிகின்றன; மடிந்த இடத்தில் எலும்பு வந்து அமர்கிறது. ஒருவர் உயரமாவது என்றால் இந்த வேலை கால் எலும்புகளிலும் முதுகெலும்பிலும் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் நடப்பதுதான். அந்தச் செல்கள் மடிந்துதான் நாம் நிமிர்கிறோம் என்பதை முதன்முதலில் படித்தபோது, அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக எனக்கு வெகுநேரம் பிடித்தது.

பதினாறு, பதினேழு வயதுப் படத்தில் அந்தக் கோடு மெலிந்திருக்கும். பத்தொன்பதில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். சிலருக்கு மூடிய இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தழும்பாக நிற்கும். எல்லா எலும்பும் ஒரே நாளில் மூடுவதில்லை. முழங்கை முந்திக்கொள்கிறது; முழங்காலும் மணிக்கட்டும் பின்னால் வருகின்றன; காறை எலும்பின் உள்முனை எல்லாவற்றுக்கும் கடைசியாக இருபதுகளில் மூடுகிறது.

தட்டை மூடுவது எது என்பதில் மருத்துவம் நெடுநாள் தவறாக எண்ணியிருந்தது. பையன்களுக்கு அது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் வேலை என்றே நினைத்தார்கள். 1994-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றிய அறிக்கை வந்தது. உயரம் 204 செ.மீ., அப்போதும் வளர்ந்துகொண்டே இருந்தார். எலும்பின் வயதைப் பார்த்தால் பதினைந்துதான். அவர் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே இருந்தது. பெண் ஹார்மோன் என்று நாம் அழைக்கும் ஈஸ்ட்ரோஜனை ஏற்றுக்கொள்ளும் திறன்தான் பிறவியிலேயே இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தட்டை மூடுவது ஈஸ்ட்ரோஜனே என்பது அந்த ஒருவரால் உறுதியானது. பையனின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனாக மாறி அந்த வேலையைச் செய்கிறது.

பருவத்தில் பாய்ச்சலைக் கிளப்பிவிடுவதிலும் இதே ஹார்மோன்களுக்குப் பங்கு இருக்கிறது. எது பிள்ளையை வேகமாக வளர்க்கிறதோ அதுவே வளர்ச்சியை முடித்தும் வைக்கிறது. அதனால் சீக்கிரம் தொடங்கியவர் சீக்கிரம் முடிப்பார். தாமதமாகத் தொடங்கியவர் தாமதமாக முடிப்பார். ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் எல்லோரையும்விட உயரமாக இருந்தவன் பன்னிரண்டாம் வகுப்புப் புகைப்படத்தில் நடுவரிசைக்கு வந்துவிடுவதும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவன் கல்லூரி இரண்டாம் ஆண்டில் யாரென்றே அடையாளம் தெரியாமல் போவதும் இப்படித்தான். தாமதமானவனுக்குக் குழந்தைப் பருவத்தின் மெதுவான வளர்ச்சி இன்னும் இரண்டொரு வருடம் கூடுதலாகக் கிடைக்கிறது; அதன் பிறகு அவனுக்குரிய பாய்ச்சலும் வருகிறது. பெரும்பாலும் குடும்பத்தில் வருவது இது. "இவங்கப்பாவும் காலேஜ் போனப்புறம்தான் வளந்தார்" என்று ஆச்சி சொல்வதை வெறும் ஆறுதல் என்று தள்ளிவிடக் கூடாது. வளர்ச்சி மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

ஸ்காட்டி பிப்பென் என்ற அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பள்ளி முடித்தபோது ஏறக்குறைய ஆறடி ஓரங்குலம். அந்த விளையாட்டில் அது குட்டை. எந்தப் பெரிய கல்லூரியும் அவரைக் கேட்கவில்லை. ஆர்கன்சாவில் பன்னிரண்டு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர் அவர். 1983-இல் அந்த மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் அணியின் சாமான்களைக் கவனிக்கும் பையனாகத்தான் சேர்ந்தார். படிப்பு முடிவதற்குள் ஆறடி எட்டங்குலத்துக்கு வளர்ந்துவிட்டார். 1987-இல் தொழில்முறை அணிகளின் தேர்வில் ஐந்தாவது ஆளாக எடுக்கப்பட்டார். இந்தக் கதையைப் பதினேழு வயதுக்காரர்களிடம் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. அந்த வயதில் பெரும்பாலோருக்குத் தட்டு மூடிக்கொண்டிருக்கும் அல்லது மூடியிருக்கும். பிப்பெனுக்கு நடந்தது ஆயிரத்தில் ஒருவருக்கு நடப்பது. ஆனாலும் இதில் நினைத்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 1983-இல் அவரை அளந்து வேண்டாம் என்றவர்கள் யாரும் தவறாக அளக்கவில்லை. அவருடைய உடம்பு தன் வேலையை முடிப்பதற்கு முன்னால் அளந்தார்கள், அவ்வளவுதான்.

பிறந்த தேதி சொல்லும் வயது வேறு, எலும்பு சொல்லும் வயது வேறு. கிளீவ்லாந்து நகரத்துப் பிள்ளைகளின் கைப் படங்களை வைத்து க்ரூலிக், பைல் இருவரும் 1950-இல் ஒரு படத்தொகுப்பு வெளியிட்டார்கள். அதோடு ஒப்பிட்டு எலும்பின் வயதைச் சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. ஒரே நாளில் பிறந்த இரண்டு பதினைந்து வயதுக்காரர்களில் ஒருவனுக்கு எலும்பு பதின்மூன்றாகவும் மற்றவனுக்குப் பதினாறாகவும் இருக்கலாம்; இருவரும் முழு ஆரோக்கியமானவர்கள். நம் உச்ச நீதிமன்றமே 1982-இல் ஜெயமாலா வழக்கில், எலும்புப் படத்தைப் பார்த்துச் சொல்லும் வயது இரு பக்கமும் இரண்டு ஆண்டு வரை பிசகலாம் என்று ஏற்றுக்கொண்டது. வீட்டில் நாம் அந்த இரண்டு ஆண்டைக் கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பையனோடு தோளை ஒட்டி நிறுத்திவிடுகிறோம்.

எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் விடியற்காலையில் போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகும் பையன்களும் பெண்களும் ஓடுகிறார்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 170 செ.மீ.; பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 167. பெண்களுக்கு 159, 157. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவரும், ஓட்டத்தில் முதலாக வருபவரும் இந்த எண்ணைத் தொட்டே ஆக வேண்டும். அவர்கள் பேச்சில் அதற்கு ஒரே வார்த்தைதான்: "ஹைட்டுல போயிருச்சு."

அங்கே பதினெட்டரை வயதுப் பையன் ஒருவனைப் பார்த்தேன். ஐ.டி.ஐ. முடித்தவன். ஓட்டத்தில் அவனை முந்த ஆளில்லை. மைதானத்துச் சுவரில் பெயின்ட்டால் அளவுக்கோடு போட்டிருக்கிறார்கள். ஓடி முடித்ததும் அவன் வெறுங்காலோடு அதில் போய் நிற்பான். குதிகால், பின்புறம், தோள்பட்டை, பின்தலை நான்கும் சுவரில் ஒட்டியிருக்கும். கூட இருப்பவன் ஒரு ஸ்கேலைத் தலையில் அழுத்தி வைத்துக் கோடு பார்ப்பான். 168.5. "மாஸ்டர், இன்னும் ஒண்ணரை சென்டி வந்துருமா?" பயிற்சி கொடுப்பவர் ஓய்வு பெற்ற காவலர். பொய் சொல்ல மனமில்லாமல், "வரும்போது வரட்டும் தம்பி, நீ ஓட்டத்தை விடாதே" என்றார்.

அந்தப் பையன்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அளக்கும் நாளில் ஊரிலிருந்து வேனில் படுத்தபடியே போக வேண்டும், வாசலில் போய்த்தான் எழுந்திருக்க வேண்டும் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. காலையில் எழும்போது இருக்கும் உயரம் இரவில் இருப்பதில்லை. நிற்க நிற்க முதுகெலும்பு மணிகளுக்கு இடையே இருக்கும் டிஸ்க்குகள் நீர் இழந்து அழுந்தி, ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை குறைகிறது. அதில் பாதியளவு எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடுகிறது. மொன்பெயாரும் இதைக் கண்டார். இரவெல்லாம் நடன விருந்தில் இருந்துவிட்டு வந்த மகன் உயரம் குறைந்திருந்ததையும், ஓய்வெடுத்ததும் மீண்டதையும் அவர் அளந்திருக்கிறார். கம்பியில் தொங்கினால் வளரும் என்பதும் இந்தக் கணக்குதான். தொங்கும்போது கிடைக்கும் கொஞ்சம் இறங்கி நடந்ததும் போய்விடும். எலும்பில் ஒன்றும் கூடுவதில்லை.

அந்தப் பையனோடு ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தேன். "பால் குடிச்சா வளரும்னாங்க சார். வேலைக்குப் போற காசுல தினம் அரை லிட்டர் வாங்கிக் குடிக்கிறேன்" என்றான். அவனுடைய அம்மா கட்டட வேலைக்குப் போனவர். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது, வேலை நடக்கும் இடத்திலேயே மணல்மேட்டுப் பக்கம் சேலைத் தொட்டிலில் கிடந்தவன். வயிற்றுப்போக்கில் இரண்டு முறை பிழைத்து எழுந்தானாம். இதைச் சொல்லும்போது அவன் குரலில் எந்தக் குறையும் இல்லை; வீட்டில் கேட்ட கதையை ஒப்பித்தான். எனக்குத்தான் பேச்சு வரவில்லை. இரண்டு வயதில் வர வேண்டிய பாலைப் பதினெட்டு வயதில் தன் கூலியில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான் அந்தப் பிள்ளை.

ஒருவருடைய உயரத்தில் குடும்ப வாகு பெரும்பங்கு என்பதில் சந்தேகமில்லை. 54 லட்சம் பேரின் மரபணுத் தகவலை ஆராய்ந்து 2022-இல் வெளிவந்த ஆய்வு, உயரத்தோடு தொடர்புள்ள 12,000-க்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகளைக் கண்டது. குட்டையான தாய் தகப்பனுக்குப் பிறந்து, நன்றாகச் சாப்பிட்டு, ஆரோக்கியமாக வளர்ந்த குட்டைப் பிள்ளையிடம் எந்தக் குறையும் கிடையாது. ஆனால் மரபு அனுமதித்த உயரத்துக்கும் கிடைத்த உயரத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுமானால், அது பெரும்பாலும் கருவிலும் முதல் இரண்டு வயதிலும் விழுகிறது. தாயின் சோறு, தாய்ப்பால், சுத்தமான தண்ணீர், கழிப்பறை, அடிக்கடி வராத காய்ச்சல் எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. உயரமாக்குவதாகச் சொல்லி விளம்பரத்தில் விற்கும் பானப் பொடிகள் பதினேழு வயதில் அந்த இடைவெளியை நிரப்புவதில்லை.

1829-இல் பிரெஞ்சு மருத்துவர் வில்லெர்மே, ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது பதிவான உயரங்களை மாவட்டவாரியாக எடுத்து ஆராய்ந்தார். உயரத்தை மண்ணும் காற்றும் முடிவு செய்கின்றன என்று பலரும் நம்பிய காலம். வசதியுள்ள பகுதிகளில் ஆட்கள் உயரமாகவும் இருக்கிறார்கள், வளர்ந்தும் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்றும், வறுமையும் கடும் உழைப்பும் உள்ள இடங்களில் குட்டையாகவும் இருக்கிறார்கள், வளர்ச்சியும் இழுத்துக்கொண்டே போகிறது என்றும் அவர் கண்டார். பெல்ஜியத்தில் கெட்லே என்ற கணித அறிஞர், பத்தொன்பது வயதுக்குப் பிறகும் ஆண்கள் வளர்வதை அளந்து காட்டினார். இருபத்துமூன்று, இருபத்தைந்து வரை வளர்வது அன்றைய ஏழை ஐரோப்பாவில் சாதாரணம். சத்துக் குறையும்போது உடம்பு வளர்ச்சியைத் தள்ளி வைக்கிறது. தள்ளி வைத்த காலத்தில் வளர்ச்சித் தட்டும் மூப்படையாமல் காத்திருக்கிறது என்று விலங்குகளிடம் நடந்த சோதனைகள் பின்னால் காட்டின.

இதைப் படித்த பிறகு மைதானத்துப் பையனின் கடைசி வளர்ச்சியை என்னால் வேறு மாதிரித்தான் பார்க்க முடிகிறது. பதினெட்டிலும் அவன் எலும்பு வேலை செய்துகொண்டிருந்தால், தடைபட்ட ஒரு குழந்தைப் பருவத்தின் பாக்கியை அந்த உடம்பு தன்னால் முடிந்த வரை வசூலித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முழுவதும் வசூலாவதில்லை. தாமதமாக முடிந்தாலும் ஏழைப் பிள்ளைகளின் கடைசி அளவு குறைவாகவே நிற்கிறது என்பதையும் அதே வில்லெர்மே எழுதியிருக்கிறார். பதினெட்டு வயதுக்காரனின் உயரம் அவன் செய்த காரியமல்ல. அவன் பேசக் கற்பதற்கு முன்னால் அவனைச் சுற்றியிருந்த பெரியவர்கள், அவன் ஊர், அவனை ஆண்ட அரசுகள் செய்ததும் செய்யத் தவறியதும் அதில் இருக்கின்றன. அதைக் காட்டி அவனைக் கேலி செய்ய நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

பெண்பிள்ளைகளின் கதை இன்னும் அவசரமானது. வயசுக்கு வந்துவிட்டால் அதோடு வளர்ச்சி முடிந்தது என்று வீடுகளில் பேசுவார்கள். அதன் பிறகும் சராசரியாக ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் வளர்ச்சி இருக்கிறது. சடங்கு நாட்களில் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையுமாகக் கொடுத்துத் தேற்றுகிறோம். நம் பாட்டிகள் அந்த உடம்புக்கு என்ன வேண்டும் என்று சரியாகத்தான் கண்டிருக்கிறார்கள். அந்தக் கவனம் சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. பிறகு பல வீடுகளில் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் வைத்தது போக மிஞ்சியதுதான் அவளுக்கு. அதைவிடக் கொடுமை, வளர்ந்து முடிப்பதற்குள் கல்யாணம் செய்து வைப்பது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்குப் பதினெட்டுக்கு முன்னாலேயே கல்யாணம் ஆகியிருந்தது. வங்கதேச கிராமங்களில் நடந்த ஆய்வு, வளரிளம் வயதில் கர்ப்பமும் தாய்ப்பால் கொடுப்பதும் அந்தப் பெண்ணின் சொந்த வளர்ச்சியை நிறுத்திவிடுவதைக் காட்டியது. ஒரே உடம்பில் இரண்டு பிள்ளைகள் வளரப் பார்க்கின்றன, இரண்டுக்குமே போதவில்லை.

அந்தப் பெண் வளராமல் போன சென்டிமீட்டர்கள் அவளோடு நிற்பதில்லை. குட்டையாகவும் சத்தின்றியும் இருக்கும் தாய்க்குப் பிறக்கும் பிள்ளை எடை குறைந்து பிறக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பிள்ளை இரண்டு வயதிலேயே பின்தங்கத் தொடங்குகிறது. மைதானத்துச் சுவரில் ஒன்றரை சென்டிமீட்டருக்காக நிற்பவனின் கணக்கு அவன் அம்மாவின் பதினைந்தாவது வயதில் தொடங்கியிருக்கலாம். நேர்மாறாகவும் இது நடக்கும் என்பதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. 1896-இல் பிறந்த தென்கொரியப் பெண்களையும் 1996-இல் பிறந்தவர்களையும் ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வில், சராசரி உயரம் 20 சென்டிமீட்டர் கூடியிருந்தது. ஈரானிய ஆண்களுக்கு அதே நூறு ஆண்டில் 16 சென்டிமீட்டருக்கு மேல். இந்த நூறு ஆண்டில் மரபணு மாறிவிடவில்லை. எந்த ஒருத்தியும் அந்த 20 சென்டிமீட்டரைத் தனியாக வளர்ந்துவிடவும் இல்லை. ஒவ்வொருத்தியும் தன் பதினாறு வயதில் நின்றாள். அவள் நின்ற இடத்திலிருந்து அவள் மகள் தொடங்கினாள். ஓர் ஆளின் வளர்ச்சித் தட்டு மூடிவிடும். ஒரு சமூகத்தின் வளர்ச்சி அடுத்த கர்ப்பிணியின் சாப்பாட்டில் மறுபடி தொடங்குகிறது.

இந்த மண் அதை அறியாததல்ல. 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, பிறகு அதில் சேர்ந்த முட்டை, 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவு எல்லாம் இந்த வேலையின் பகுதிகளே. இவ்வளவுக்குப் பிறகும், அதே ஐந்தாவது கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தது. அவர்களெல்லாம் இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் ஏதாவது ஒரு சுவரில் வந்து நிற்பார்கள்.

வீட்டில் வளர்கிற பிள்ளை இருந்தால் கதவு நிலையில் ஆறு மாதத்துக்கு ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். உயரம் குறைவு என்பதைவிட, ஏறிக்கொண்டிருந்த கோடு ஏறாமல் நிற்கிறதா என்பதைப் பாருங்கள். பெண்பிள்ளைக்குப் பதின்மூன்று முடிந்தும், பையனுக்குப் பதினான்கு முடிந்தும் பருவ மாற்றத்தின் அடையாளமே தெரியவில்லை என்றால், "தானா வரும்" என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். தைராய்டு குறைவு, வளர்ச்சி ஹார்மோன் குறைவு, நாட்பட்ட குடல் நோய் போன்றவை காரணமாக இருந்தால் சிகிச்சை உண்டு. அது தட்டு மூடுவதற்கு முன்னால்தான் உயரத்துக்கு உதவும். தாமதமாக வளரும் பிள்ளை என்றால் மருத்துவரே அதைப் படம் பார்த்துச் சொல்லிவிடுவார், பிள்ளைக்கும் நிம்மதி. வளரும் பெண்ணுக்கு முட்டையும் பயறும் பாலும் சடங்கு வாரங்களோடு நிற்க வேண்டாம். பதினெட்டுக்கு முன் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க யார் வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். அடுத்த கல்யாண வீட்டில் பதினேழு வயதுப் பையன் யாராவது எதிரில் வந்தால், என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அந்த இன்னொரு கேள்வியைக் கேட்காதீர்கள்.